மலிவு டாங்கிளா, புது ரவுட்டரா? எதை முதலில் மாற்றுவது?

#1 மாடியறை

வணக்கம். என் இணைப்பு 200 எம்பிபிஎஸ். ரவுட்டர் கீழே கூடத்தில் இருக்கிறது, மேசைக் கணினி மாடியில். கணினியில் வேகச் சோதனை போட்டால் 38 வருகிறது, நல்ல நாளில் 41. போனை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் 94.

கணினியில் செருகியிருப்பது விரல்நகம் அளவு டாங்கிள், அதாவது யுஎஸ்பியில் மாட்டும் வைஃபை கருவி. வாங்கி ஏழெட்டு வருடம் இருக்கும். ரவுட்டர் பெட்டியில் ஏசி1200 என்று போட்டிருக்கிறது.

இந்த மாதம் ஒன்றுதான் வாங்க முடியும். ஏசி1300 டாங்கிள் ஒன்று, ஏஎக்ஸ்1800 ரவுட்டர் ஒன்று, இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை முதலில் வாங்குவது? அப்புறம் ஒரு சந்தேகம். ரவுட்டரே 1200 என்கிறது, இணைப்போ வெறும் 200. நடுவில் 38 எங்கிருந்து வந்தது?

#2 எட்டுக்கொம்பு

ரவுட்டர்தான், யோசிக்கவே வேண்டாம். என்னிடம் இருப்பது எட்டு ஆன்டெனா வைத்த கேமிங் ரவுட்டர். வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் சிக்னல் முழுசாக நிற்கும். பழைய ஏசி1200ஐத் தூக்கிப் போடுங்கள்.

#3 சிக்னல்சித்தர்

கொஞ்சம் பொறுங்கள், தூக்கிப் போடுவதற்கு முன்னால் கணக்குப் பார்ப்போம்.

பெட்டியில் இருக்கும் ஏசி, ஏஎக்ஸ் என்பவை வைஃபை 5, வைஃபை 6 தலைமுறைகள். கூடவே இருக்கும் எண் ஒரு கூட்டல் கணக்கு. ஏசி1200 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே கொஞ்சம் ஏற்றிப் போட்டது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஏஎக்ஸ்1800ம் அதே மாதிரி 574ம் 1201ம்தான். உங்கள் கணினி ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பேசும், ஆகவே அந்தக் கூட்டுத்தொகையை எந்தச் சாதனமும் பார்க்கப்போவதில்லை.

அடுத்தது, 867 என்பது லிங்க் வேகம், அதாவது கணினியும் ரவுட்டரும் காற்றில் பேச ஒப்புக்கொள்ளும் வேகம். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒப்புகை, காத்திருப்பு எல்லாம் போக, கோப்பு நகரும் வேகம் லிங்க் வேகத்தில் ஏறக்குறைய பாதி. ரொம்ப நல்ல சூழல் என்றால் 60, 65 சதவீதம் கிடைக்கும்.

இப்போது உங்கள் 38க்கு வருவோம். அந்த விரல்நக டாங்கிள் அநேகமாக என்150 வகை, அதாவது 802.11என், ஒரே ஆன்டெனா, 2.4 மட்டும். அக்கம்பக்கத்து வைஃபை நெரிசலில் அது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சுருங்கிக்கொள்ளும். அப்போது அதன் உச்ச லிங்க் வேகம் 72. அதில் பாதி எவ்வளவு? டாங்கிள் பாவம், தன்னால் முடிந்ததை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கிறது.

கணினியில் லிங்க் வேகம் எவ்வளவு காட்டுகிறது? உங்கள் ரவுட்டரின் 5 கிகா வைஃபை பெயர் கணினியின் வைஃபை பட்டியலில் தெரிகிறதா? இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

#4 கம்பிப்பித்தன்

எல்லோரும் 38ஐயே பிடித்துத் தொங்குகிறீர்கள். என் கண்ணில் பட்டது அந்த 94.

வேகச் சோதனையில் 94, 95 என்று வந்து அசையாமல் நின்றால் வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் (கேபிள் செருகும் துளை) இருக்கிறது என்று அர்த்தம். ஃபாஸ்ட் ஈதர்நெட் என்னும் அந்த 100ல், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் போகும் முகவரி போன்ற தலைப்புச் செலவெல்லாம் கழித்தால் மிஞ்சுவது அவ்வளவுதான். வைஃபை பிரச்சினை என்றால் எண் இப்படி நிற்காது, 110, 76, 130 என்று ஆடிக்கொண்டே இருக்கும். மலிவு ஏசி1200 ரவுட்டர்கள் பலவற்றில் இந்தக் கதைதான். காற்றில் 867 தருகிறேன் என்பார்கள், பின்னால் இருக்கும் போர்ட்டுகள் எல்லாம் 100. அகலமான வாசல் வைத்து வீட்டைக் கட்டிவிட்டு, தெருவிலிருந்து உள்ளே வர ஒற்றையடிப் பாதை போட்ட மாதிரி.

ரவுட்டரின் விவரத்தாளில் போர்ட் வரியைப் பாருங்கள். 10/100 என்று முடிந்தால் 100தான். 10/100/1000 என்று இருந்தால் கிகாபிட்.

#5 மாடியறை

பார்த்துவிட்டு வந்தேன். லிங்க் வேகம் 72.2, புள்ளி பிசகாமல் சித்தர் சொன்ன எண். 5 கிகா பெயர் கணினியில் தெரியவே இல்லை, போனில் தெரிகிறது. ரவுட்டர் போர்ட்டுகள் 10/100. இரண்டு பேரும் கைரேகை பார்க்கிறீர்களா என்ன?

அப்படியானால் இரண்டுமே குற்றவாளி. இப்போது எதை வாங்க?

#6 எட்டுக்கொம்பு

அதான் முதலிலேயே சொன்னேனே, ரவுட்டர் என்று.

#7 சிக்னல்சித்தர்

ரவுட்டரை மட்டும் மாற்றினால் போன் 200ஐத் தொடும், கணினி 38லேயே உட்கார்ந்திருக்கும். டாங்கிளை மட்டும் மாற்றினால் கணினி 38லிருந்து 94க்கு ஏறும், போனுக்கு ஒரு மாற்றமும் இல்லை. உங்கள் புலம்பல் கணினியைப் பற்றி. இந்த மாதம் டாங்கிள் வாங்குங்கள்.

எட்டுக்கொம்பு கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் ஆன்டெனா எண்ணிக்கையை வைத்து ரவுட்டர் வாங்குவது மீசையை வைத்து ஆளின் பலத்தை எடைபோடுவது போல. உள்ளே எத்தனை ஸ்ட்ரீம், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை ஓடையாகத் தரவு போகும் என்பதுதான் விஷயம். வெளியே நாலு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும் பல மலிவு ரவுட்டர்கள் 5 கிகாவில் இரண்டு ஸ்ட்ரீம்தான், மீதிக் குச்சிகள் 2.4க்கு. அப்படியே நாலு ஸ்ட்ரீம் இருந்தாலும், எதிர்முனையில் டாங்கிளுக்கு இரண்டு என்றால் பேச்சு இரண்டில்தான் நடக்கும்.

#8 பென்குயின்பிரியன்

டாங்கிள் வாங்கப் போகிறவர் என்ன இயங்குதளம் வைத்திருக்கிறார் என்று யாருமே கேட்கவில்லையே?

#9 மாடியறை

பெரும்பாலும் உபுண்டு லினக்ஸ். எப்போதாவது விண்டோஸ்.

#10 பென்குயின்பிரியன்

நல்லவேளை கேட்டேன்.

டாங்கிளில் பிராண்டைப் பார்க்காதீர்கள், சிப்பைப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே படம், ஒரே பெட்டி. அடியில் வெர்ஷன் 1, வெர்ஷன் 2 என்று சின்ன எழுத்தில் மட்டும் மாறும், உள்ளே சிப்பே வேறாக இருக்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய விமர்சனத்தைப் படித்துவிட்டு வாங்கி நான் ஏமாந்தது இப்படித்தான்.

லினக்ஸில் செருகியவுடன் வேலை செய்ய வேண்டும் என்றால் மீடியாடெக் சிப்புகளைத் தேடுங்கள். எம்டி7612யு இரண்டு ஸ்ட்ரீம் ஏசி வகை. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் உட்கருவான கெர்னலில் 4.19 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். வைஃபை 6 வேண்டுமானால் எம்டி7921ஏயு, அதற்குக் கெர்னல் 5.18 அல்லது அதற்கு மேல். உபுண்டு 22.04 முதலில் வந்தபோது கொடுத்த 5.15 கெர்னலோடு இருந்தால் இது எழுந்திருக்காது, கவனம்.

ரியல்டெக் ஆர்டிஎல்8812ஏயு மலிவு, வேகமும் நன்றாகவே வரும். ஆனால் அதன் டிரைவர் பல வருடம் கெர்னலுக்கு வெளியேதான் இருந்தது. பழைய கெர்னல் என்றால், யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் போட்டு வைத்ததை எடுத்துத் தொகுத்துக்கொள்ள வேண்டும். கெர்னல் புதுப்பித்த மறுநாள் காலை வைஃபை இருக்காது. வைஃபை இல்லாமல் வைஃபை டிரைவரை எப்படித் தரவிறக்குவீர்கள்? போனை யுஎஸ்பியில் செருகி, அதன் இணைப்பைக் கணினிக்குக் கொடுத்து அந்தக் காலை ஓட்டியவன் நான்.

இன்னொன்று. சில டாங்கிள்கள் செருகியதும் தன்னை ஒரு சிடி என்று சொல்லிக்கொள்ளும். விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்திருப்பதால் இந்த வேஷம். லினக்ஸில் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற கருவி அதை உதறி எழுப்பிவிடும். டாங்கிள் செத்துவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

#11 குட்டிப்பெட்டி

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். டாங்கிள், ரவுட்டர் இரண்டையும் விட்டுவிட்டு மாடிப்படியில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால் ஆகாதா? அது இன்னும் மலிவாயிற்றே.

#12 கம்பிப்பித்தன்

ரிப்பீட்டர் காதில் கேட்டதை வாயால் திருப்பிச் சொல்லும் ஆள். ஒரே ரேடியோ என்றால் கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. வேகம் பாதியாகிவிடும். சிக்னல் கோடுகள் மட்டும் முழுசாகத் தெரியும், அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். இரண்டு அலைவரிசை உள்ள ரிப்பீட்டர் ஒன்றில் கேட்டு மற்றொன்றில் பேசும், அது பரவாயில்லை. ஆனால் மாடியறை நண்பரின் டாங்கிளே 72ல் மூச்சு வாங்குகிறது, அதற்கு எந்த ரிப்பீட்டர் வைத்து என்ன பயன்?

என்னைக் கேட்டால் கீழிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள். டாங்கிள் விலையை விடக் குறைவாக முடியும்.

#13 மாடியறை

வாடகை வீடு. சுவரில் ஆணி அடிப்பதற்கே அனுமதி கேட்க வேண்டும்.

#14 கம்பிப்பித்தன்

ஜன்னல் வழியாக?

#15 மாடியறை

அண்ணா, வேண்டாம்.

#16 பழையபெட்டி

ரவுட்டருக்கு இப்போது காசு இல்லை என்றால் யாராவது பரணில் போட்டு வைத்திருக்கும் பழையதைக் கேட்டு வாங்குங்கள். புது மலிவு ரவுட்டரை விட, முன்பு நல்ல விலைக்கு விற்ற பழைய கிகாபிட் ரவுட்டர் பல நேரம் மேல். என் வீட்டில் ஓடுவது மீடியாடெக் எம்டி7621 சிப் வைத்த ஒன்று. இரண்டு கோர், 880 மெகாஹெர்ட்ஸ். இன்றைய அளவுக்கு ஆமைதான், 200 எம்பிபிஎஸ் இணைப்புக்குத் தாராளம்.

பழையதில் பயம் பாதுகாப்பைப் பற்றி. தயாரித்தவர்கள் மூன்று நாலு வருடத்தில் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பை நிறுத்திவிடுவார்கள். 2017ல் க்ராக் என்ற ஓட்டை வந்தபோது டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையை வைத்திருந்த எல்லோரும் திருத்தம் வருமா என்று காத்திருந்தோம், எனது அப்போதைய ரவுட்டருக்கு வரவே இல்லை. அதிலிருந்து ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டரில் மாற்றிப் போடும் திறந்த மென்பொருள்) இல்லாமல் பழைய ரவுட்டரை நான் தொடுவதில்லை. வாங்கும் முன் அந்தத் தளத்தின் பட்டியலில் மாடலையும் வெர்ஷனையும் தேடிப் பாருங்கள். ஃபிளாஷ் (சேமிப்பிடம்) 16 எம்பி, ராம் 128 எம்பி இருந்தால் நிம்மதி. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் என்றால் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரு கொசுறு. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றும்போது இன்னொருவரின் வீடியோ அழைப்பு திக்கித் திணறினால், அதற்கு வேகத்தைக் கூட்டுவது மருந்தில்லை. ரவுட்டரில் வரிசை நீண்டுவிடுகிறது. ஓபன்டபிள்யூஆர்டியில் அந்த வரிசையை ஒழுங்குபடுத்த எஸ்க்யூஎம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் சரியாகும். இதற்காகவே புது ரவுட்டர் வாங்கியவர்கள் எனக்குத் தெரிய இரண்டு பேர்.

#17 நெறியாளர்

இரண்டு பிராண்டுகளின் ரசிகர்கள் போட்ட ஏழு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அந்தச் சண்டைக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

#18 புதுத்தாவணி

எனக்கு வேறு ஒரு சிக்கல். மடிக்கணினி ஏசி வகை, 5 கிகாவில்தான் இணைந்திருக்கிறது, பக்கத்திலேயே ரவுட்டர். ஆனால் லிங்க் வேகம் 54க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. டாங்கிள் வாங்கினால் தீருமா?

#19 சிக்னல்சித்தர்

ஒன்றும் வாங்காதீர்கள் அம்மா. ரவுட்டரில் பாதுகாப்பு முறை என்ன இருக்கிறது என்று பாருங்கள். டிகேஐபி அல்லது டபிள்யூஇபி என்று இருந்தால் அதுதான் காரணம். அந்தப் பழைய குறியாக்கங்களோடு 802.11என் காலத்து வேகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி, எனவே சாதனம் 54க்கு இறங்கிவிடும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள்.

#20 புதுத்தாவணி

780! இத்தனை நாளாக மடிக்கணினியைத் திட்டிக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி ஐயா.

#21 மாடியறை

பத்து நாள் கழித்து வருகிறேன், நிறைய நடந்துவிட்டது.

எம்டி7612யு சிப் உள்ள ஏசி1300 டாங்கிள் வாங்கினேன். பழையபெட்டி சொன்னதைக் கேட்டு, அலுவலக நண்பரிடம் சும்மா கிடந்த கிகாபிட் ரவுட்டரையும் கேட்டு வாங்கிவிட்டேன். ஆக இரண்டும் கிடைத்தது. பெருமையோடு எல்லாவற்றையும் மாட்டி, போனை ரவுட்டர் பக்கத்தில் வைத்துச் சோதனை போட்டால்... 94.

அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ரவுட்டரின் அமைப்புத் திரையில் வான் போர்ட் (இணையம் உள்ளே வரும் போர்ட்) 100 என்று காட்டுகிறது. ஃபைபர் பெட்டியும் கிகாபிட், ரவுட்டரும் கிகாபிட், நடுவில் ஒரு முழம் கேபிள். பழைய ரவுட்டரோடு பெட்டியில் வந்தது, அதையே மாட்டியிருந்தேன்.

#22 கம்பிப்பித்தன்

கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே எத்தனை நிறக் கம்பி தெரிகிறது என்று எண்ணுங்கள்.

#23 மாடியறை

நாலு!

#24 கம்பிப்பித்தன்

அவ்வளவுதான். 100க்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். 100 போர்ட் ரவுட்டரோடு நாலு கம்பிக் கேபிள் கொடுத்துச் செம்பை மிச்சம் பிடிப்பார்கள். அந்தக் கேபிளை வேறு எதில் மாட்டினாலும் பெரும்பாலான போர்ட்டுகள் சத்தமே இல்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். எட்டுக் கம்பி இருந்தும் நடுவில் ஒன்று அறுந்திருந்தாலும் இதே கூத்துதான். பிழைச் செய்தி எதுவும் வராது.

#25 மாடியறை

எட்டுக் கம்பிக் கேபிள் மாட்டியதும் போனில் 196. ஒரு வழியாகக் கீழே தீர்ந்தது.

இனி மாடிக் கதை. டாங்கிள் உபுண்டுவில் செருகியவுடன் எழுந்துவிட்டது, பென்குயினாருக்கு ஒரு கும்பிடு. ஆனால் 5 கிகா பெயர் பட்டியலில் இல்லை. போனில் இருக்கிறது. டாங்கிள் 5 கிகா வகைதான், பெட்டியில் தெளிவாகப் போட்டிருக்கிறது. என்ன கொடுமை இது?

#26 சிக்னல்சித்தர்

ரவுட்டர் 5 கிகாவில் எந்தச் சேனலில், அதாவது அலைவரிசையின் எந்தத் துண்டில் இருக்கிறது?

#27 மாடியறை

தானாகத் தேர்ந்தெடு என்று வைத்திருந்தேன். இப்போது 100 காட்டுகிறது.

#28 சிக்னல்சித்தர்

52லிருந்து 144 வரை உள்ள சேனல்கள் ரேடாரோடு பங்கு போட்டுக்கொள்வது. ரேடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும், இதை டிஎஃப்எஸ் என்பார்கள். சில மலிவு டாங்கிள்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. டாங்கிளில் நாட்டு அமைப்பு சரியாக இல்லாவிட்டாலும் இப்படி ஆகும். ரவுட்டரை 36ல் பிடித்து நிறுத்துங்கள்.

2.4ஐயும் கையோடு பார்த்துவிடுங்கள். அங்கே 1, 6, 11 மூன்றில் ஒன்றில் வையுங்கள், அகலம் 20. சேனல் 3ல் உட்கார்ந்தால் 1க்கும் தொல்லை, 6க்கும் தொல்லை, உங்களுக்கும் நிம்மதி இருக்காது.

#29 மாடியறை

36 வைத்தேன், பெயர் வந்துவிட்டது. லிங்க் 390க்கும் 468க்கும் நடுவில் ஆடுகிறது. வேகச் சோதனையில் 121.

ஆனால் புது வியாதி ஒன்று. டாங்கிளைப் பின்னால் நீல நிற யுஎஸ்பியில் செருகியதிலிருந்து வயர்லெஸ் மவுஸ் நொண்டுகிறது. எடுத்தால் சரியாகிறது, செருகினால் நொண்டுகிறது. டாங்கிளுக்கும் மவுஸுக்கும் என்ன பகை?

#30 பென்குயின்பிரியன்

பழைய பகை. யுஎஸ்பி 3 வேகத்தில் ஓடும்போது அந்தச் செருகியும் கேபிளும் 2.4 கிகா பக்கத்தில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012லேயே இதைப் பற்றி ஒரு ஆவணம் போட்டது. மவுஸின் ரிசீவர் 2.4ல் பேசுவது, பக்கத்துச் செருகியில் இருந்தால் காது அடைத்துக்கொள்ளும். யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் ஒன்று வாங்கி டாங்கிளை மேசைமேல் கொண்டுவாருங்கள். கணினியின் தகரப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆன்டெனாவும் வெளியே வரும்.

யுஎஸ்பி 2 செருகியில் போட்டாலும் உங்களுக்குத் தப்பில்லை. அதன் 480ல் நடைமுறையில் 280, 300 கிடைக்கும், உங்கள் இணைப்பே 200தான். ஆனால் நீட்டிப்புக் கேபிளை எப்படியும் வாங்குங்கள்.

#31 மாடியறை

மேசைமேல் கொண்டுவந்து, கதவைப் பார்த்தபடி நிற்க வைத்திருக்கிறேன். 171. மூன்று முறை போட்டுப் பார்த்தேன், 168க்குக் கீழே இறங்கவில்லை. மவுஸும் ஓடுகிறது.

பார்த்து வைத்திருந்த ஏஎக்ஸ்1800 ரவுட்டரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

#32 எட்டுக்கொம்பு

தனிச் செய்தியில் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். பரவாயில்லை, இங்கேயே கேட்கிறேன்.

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று என் வீட்டிலும் சோதனை போட்டேன். இணைப்பு 300, எட்டு ஆன்டெனா, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் 94. ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை எண்ணிப் பார்த்தேன். நாலு கம்பி. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. யாரும் சிரிக்க வேண்டாம். என்ன கேபிள் வாங்குவது?

#33 கம்பிப்பித்தன்

சிரிக்கவில்லை. கேட்5ஈ ரக லேன் கேபிள் போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள், செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். ஒரு முழத்துக்குக் கேட்8 என்று யாராவது தலையில் கட்டப் பார்த்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

#34 எட்டுக்கொம்பு

கேட்8 ஏற்கெனவே கூடையில் போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன்.